புத்தகம் எடுத்துக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய கிளை நூலகர் அவர்களுக்கும் வாசகர் வட்ட அன்பர்களுக்கும் வணக்கம்.

பணி ஓய்வுக்குப் பிறகே வாசிக்கத் தொடங்கிய எனக்கு, இன்னதைப் படி என்று கட்டளையிடாமல், "புரட்டிப் பாருங்கள்" என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தீர்கள். அந்நூல்கள் என்னை என்ன செய்தன என்று சொல்வதே உங்களுக்கு முறையான நன்றியாகும் எனக் கருதுகிறேன்.

நூலகர் ஐயா முதலில் தந்தது உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. அதன் தடிமனைக் கண்டு மலைத்த நான், 1880-இல் கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் சந்திக்கும் இடத்துக்கு வந்தபின் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. தாம் பாடம் கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் ஐயர் அடுக்கிக்கொண்டே போக, முதலியாரோ இவற்றையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்ற பொருள்படக் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியைப் பற்றி விசாரிக்கிறார். ஊர் மெச்சிய புலமையை ஒருவர் இப்படித் தட்டிவிட்டால் அவர் வீட்டு வாசற்படியை மீண்டும் மிதிக்க யாருக்கு மனம் வரும்? ஐயர் மிதித்தார், சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தும் காட்டினார். பின்னால் வரும் ஏட்டுச்சுவடித் தேடல்களைவிட அந்தப் பணிவுதான் என்னை அதிகம் அசைத்தது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' எனக்கு எளிதில் வசப்படவில்லை. கதையில் வரும் இந்தோனேசிய நகரமான மேடானில் வட்டிக்கடை ஒன்றில் தம் தகப்பனார் வேலை பார்த்ததாகச் சொன்ன அன்பர், அடுத்தாள் யார், பெட்டியடிப் பையனுக்கு என்ன வேலை என்று பொறுமையாக விளக்கிய பிறகே கதை பிடிபட்டது. கடல் கடந்து போன பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கும் பக்கங்களை மட்டும் மறுபடி படித்தேன்.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலைத் தந்த அம்மையார், "ஒரே மூச்சில் படிக்காதீர்கள்" என்று எச்சரித்திருந்தார். வீடு வீடாகச் சோறு எடுக்கப் போகும் சலவைத் தொழிலாளிப் பெண் ஆரோக்கியத்தோடு என்னால் நெடுந்தூரம் தொடர்ந்து நடக்க முடியவில்லை. நாளுக்குச் சில பக்கங்களாகத்தான் முடித்தேன். எச்சரித்ததற்கு அவருக்குத் தனி நன்றி.

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த தம்பிக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் நந்தினியைத் தவிர வேறெவரும் என் மனத்தில் தங்கவில்லை என்பதை ஒளிக்க விரும்பவில்லை. இதற்காக அடுத்த கூட்டத்தில் அவர் என்னோடு சண்டைக்கு வருவார். அதற்கும் முன்கூட்டியே நன்றி.

இங்ஙனம்,
வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்