கேள்வித்தாளை அப்புறம் அடிக்கலாம்: எம்.பி.ஏ. பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டுக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. மாணவர்களின் புராஜெக்டுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடியில் பலகாரக் கடை நடத்துகிறேன். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை எப்போதும் இருக்கும். சொல்லிவைத்தால் அதிரசமும் போட்டுத் தருவோம். வருடா வருடம் தை, மாசியில் உங்கள் மாணவர்கள் கேள்வித்தாளோடு வருவார்கள். ஒருவரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் இந்த முறை கடை வாசலில் பார்த்தது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரு பையன் 28 கேள்விகளோடு நின்றான். மணகோலம் வாங்கிக்கொண்டு கிளம்பிய ஓர் ஆச்சியை நிறுத்தி, "சுவை: மிகவும் திருப்தி, திருப்தி, நடுநிலை..." என்று வாசிக்க ஆரம்பித்தான். ஆச்சிக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "எல்லாத்துக்கும் நல்லாருக்குன்னே போட்டுக்கப்பா" என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அவனும் 28 இடத்திலும் டிக் அடித்தான். அந்த ஆச்சி போன தீபாவளி வரை அரைக் கிலோ வாங்கியவர். இப்போது கால் கிலோ போதும் என்கிறார். எனக்குத் தெரியவேண்டியது அதற்கான காரணம்தான். அந்தத் தாளில் அதற்கு ஒரு கேள்விகூட இல்லை.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் படித்தேன். என் புராஜெக்டுக்காக ஒரு கண்டாங்கிச் சேலைக் கடையில் நூறு பேரிடம் தாள் நிரப்பி, வயதுக்கும் திருப்திக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை வர்க்கச் (chi-square) சோதனை போட்டு, கெட்டி அட்டை பைண்டிங்கோடு முதலாளியிடம் நீட்டினேன். பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, நான் இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஆய்வு முடிந்ததும் கடைக்காரர் எந்த முடிவை எடுக்கப்போகிறார் என்பதை முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அது எழுதப்படாமல் தலைப்புக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த வகை ஆய்வு தேவை என்பதை அந்த முடிவுதான் சொல்லும்.

ஆச்சி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காரணமே தெரியாதபோது எண்ணிக்கை எதற்கு? அங்கே வேண்டியது தேடல் ஆய்வு. பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, பேச விட்டுக் கேட்க வேண்டும். அடுத்த வாரம் ஆச்சி வந்தபோது நானே கேட்டேன். "பேரப்பிள்ளைக சென்னைக்குப் போயிட்டாக. ரெண்டு பேருக்கு எதுக்கு அரைக் கிலோ? கடைசியில எண்ணெய் வாடை அடிக்குது" என்றார். சுவையில் அவருக்குக் குறையே இல்லை. வீட்டில் ஆள் குறைந்ததும், பலகாரம் கெடாமல் இருக்கும் நாளும்தான் விஷயம்.

இப்படி எத்தனை வீடுகள் என்று அறிய வேண்டுமானால், அப்போது எண்ணும் ஆய்வு. கேள்வித்தாளுக்கு வேலை அங்கேதான். அதிலும் நூறு பேர், நூற்றிருபது பேர் என்று வழக்கத்துக்காக ஒரு எண்ணை வைக்காதீர்கள். நூற்றுக்கு 95 தடவை சரியாக வரும் என்ற நம்பிக்கையோடு, விடை 5 சதவீதப் புள்ளிக்கு மேல் முன்பின் விலகக்கூடாது என்றால் சுமார் 384 பேர் வேண்டும். 10 புள்ளி பரவாயில்லை என்றால் 96 போதும். ஊர் பெரியதா சின்னதா என்பதால் இந்தக் கணக்கு அவ்வளவாக மாறாது. ஆனால் எல்லா வீட்டுக்கும் வாய்ப்புக் கிடைக்கும்படி சீட்டுப் போட்டு எடுத்தால்தான் அந்தக் கணக்குச் செல்லும். என் கடை வாசலில் நின்று ஆயிரம் பேரைக் கேட்டாலும், வாங்குவதை நிறுத்திவிட்டவர் ஒருவர்கூட அதில் வரமாட்டார்.

அப்புறம் காரணத்தைச் சோதிக்கும் ஆய்வு. இதில் நானே ஏமாந்தேன். ஆடிக் கடைசியில் கால் கிலோ பாக்கெட் போட்டேன். ஆவணியில் விற்பனை ஏறியது. பாக்கெட்தான் காரணம் என்று சந்தோஷப்பட்டு, கவருக்குப் பெரிய ஆர்டரும் கொடுத்துவிட்டேன். ஒருநாள் ராத்திரி ஆர்டர் நோட்டைப் புரட்டினால், ஏறியதில் பெரும்பகுதி கல்யாணச் சீர்ப் பலகாரம்! ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆவணியில் உண்டு. பிள்ளையார்பட்டி சதுர்த்திக் கூட்டமும் அந்த மாதம்தான். நம் ஊரில் முன்னால், பின்னால் என்று ஒப்பிட்டால் பஞ்சாங்கம் குறுக்கே வந்து நிற்கும்.

அடுத்த முறை தேவகோட்டையில் பலகாரக் கடை வைத்திருக்கும் என் நாத்தனாரைச் சேர்த்துக்கொண்டேன். இரண்டு வாரம் என் கடையில் மட்டும் கால் கிலோ, அடுத்த இரண்டு வாரம் அவர் கடையில் மட்டும். முகூர்த்தம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதானே. பாக்கெட் எண்ணிக்கை கூடியது, மொத்த எடை கூடவில்லை. அரைக் கிலோ வாங்கியவர்களே கால் கிலோவுக்கு மாறியிருந்தார்கள். அதற்கு எனக்கு ஆன செலவு ஒரு நோட்டும் நான்கு வாரமும்தான்.

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. கோகோ கோலா 1985இல் சுமார் 2 லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் சுவையை மாற்றியது. பழையதை நிறுத்திவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பதை அந்த ஆய்வு சரியாக அளக்கவில்லை. 79 நாளில் பழைய கோக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆள் எண்ணிக்கையில் அங்கே ஒரு குறையும் இல்லை.

உங்கள் சிரமமும் தெரியும். ஒரு செமஸ்டர், தலைக்குப் பத்து மாணவர்கள், ஐந்து அத்தியாயம் கட்டாயம். ஆனாலும் ஒரு மாணவர் எட்டு வீட்டில் பேசிய குறிப்புகளை மட்டும் கொண்டுவந்தால் அதையும் ஆய்வாக ஏற்றுக்கொள்ளுங்கள். அட்டவணை இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

பிள்ளைகளை ஆடி முதல் வாரமே அனுப்புங்கள். அப்போது கடையில் கூட்டம் இருக்காது, நிதானமாகப் பேசலாம். மூன்று வருட ஆர்டர் நோட்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன். எந்த நாள் முகூர்த்தம், எந்த நாள் திருவிழா என்று ஓரத்தில் சிவப்புப் பேனாவால் குறித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடியில் பலகாரக் கடை நடத்தும் பழைய எம்.பி.ஏ. மாணவி