பொன்னாடை போதும், பாடம் நடத்துங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் நடந்த தொழிற்சங்க நிர்வாகிகள் பயிற்சி முகாம் பற்றித் தங்கள் நாளிதழில் படத்தோடு செய்தி வந்திருந்தது. மேடையில் இருந்தவர்கள் பெயர் ஒன்று விடாமல் இருந்தது. என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை. நிருபரைக் குறை சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட முகாம்கள் பலவற்றில் உட்கார்ந்து எழுந்தவன் நான். கொடியேற்றி, வரவேற்புரை முடித்து, வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்துவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். சட்டம் சொல்ல வந்த வக்கீலுக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் ஒதுக்குவார்கள். அப்போது பாதிப் பேருக்குக் கண் சொக்கும். மீதிப் பேர் பஸ் பிடிக்கக் கிளம்பியிருப்பார்கள்.

இந்தப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிளைச் செயலாளராகவும் இருந்தேன். வாயிற்கூட்டத்தில் மைக் இல்லாமலே கடைசி ஆள் வரை கேட்கும் என்பதால்தான் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். சரி, கூட்டம் சேர்க்க அந்தக் குரல் உதவியது. ஆனால் சஸ்பென்ட் ஆனவனை உள்ளே திரும்பக் கொண்டுவந்தது ஒவ்வொரு தடவையும் காகிதம்தான்.

அந்தக் காகித வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது தொழிலாளர் கல்வி வாரியம். 1958-ல் மத்திய அரசு தொடங்கியது, தலைமையகம் நாகபுரி. இப்போது தொழிற்சங்கத் தலைவர் தத்தோபந்த் தெங்கடி பெயரில் இயங்குகிறது. வாரியத்தின் கல்வி அலுவலர்கள் தொழிலாளிகளுக்குள்ளேயே சிலரைத் தேர்ந்தெடுத்து ‘தொழிலாளர் ஆசிரியர்’ ஆக்குவார்கள். அவர்கள் தங்கள் ஆலைக்குத் திரும்பி மற்றவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. கூலி இழப்புக்கு ஒரு தொகை கொடுத்து நடத்திய முகாம்களும் உண்டு.

எங்களுக்கு வந்த அலுவலர் முதல் நாளே ஆளுக்கொரு மெமோ நகலைக் கையில் கொடுத்தார். ‘இரவு ஷிப்டில் இயந்திரத்தை விட்டு விலகித் தூங்கிக்கொண்டிருந்தீர், ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது’ என்கிற வகை. பத்து வரிக்குள் பதில் எழுதச் சொன்னார். நாங்கள் எழுதியதெல்லாம் கதை. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், சூப்பர்வைசருக்கு என்மேல் பழைய பகை, பத்து வருஷமாக நேர்மையாக உழைத்தவன் நான் என்று பக்கம் பக்கமாக. அவர் சிவப்புப் பேனாவால் எல்லாவற்றையும் அடித்தார். “தூங்கியது எத்தனை மணிக்கு என்று மெமோவில் இருக்கிறதா? எந்த இயந்திரம்? பார்த்தது யார்? இல்லாததை முதலில் கேளுங்கள் ஐயா, உங்கள் கதையை அப்புறம் சொல்லலாம்” என்றார்.

மறுநாள் உள்விசாரணையை நாடகம் மாதிரி நடத்தினோம். ஒருவர் விசாரணை அதிகாரி, ஒருவர் நிர்வாகத் தரப்பு சாட்சி, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் துணையாக ஒரு சக தொழிலாளி. குறுக்கு விசாரணை செய் என்றால் ஒருவருக்கும் கேள்வி வரவில்லை. எல்லோரும் சொற்பொழிவு ஆற்றினார்கள். சாட்சியாக நடித்தவர் “இதில் கேள்வி எங்கே இருக்கிறது?” என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பில்தான் பாதிப் பாடம் ஏறியது. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவருக்குப் பிழைப்பூதியம் தர வேண்டும், முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், தாமதம் தொழிலாளியால் இல்லையென்றால் அதற்குமேல் முழுதும் என்ற 1981-ம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தை அங்கேதான் தெரிந்துகொண்டேன். பழைய தொழில் தகராறு சட்டப்படி, சமரச அதிகாரி முன்னால் போடும் 12(3) பிரிவு ஒப்பந்தம் ஆலையில் இருக்கிற எல்லோரையும் கட்டுப்படுத்தும், தனியாகப் போடும் 18(1) கையெழுத்திட்ட தரப்போடு நின்றுவிடும் என்பதும் அங்கே கற்றதுதான்.

இப்போது அந்தப் பாடமும் பழசாகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. பழைய 29 சட்டங்கள் அவற்றுக்குள் போயின. அதை எதிர்க்கிறவர்களில் நானும் ஒருவன். எதிர்ப்பதற்கும் படித்திருக்க வேண்டும் அல்லவா? கிளை நிர்வாகிகள் பலர் இன்னும் பழைய பிரிவு எண்களைத்தான் ஒப்பிக்கிறார்கள். எந்தத் தொழிலாக இருந்தாலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று ஆகிவிட்டது. பாதிப் பேர் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்புப் போட்டால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்கில் சேரும். வேலைநீக்கம் ஆனவர் நேரடியாகத் தீர்ப்பாயம் போக மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது, அது இரண்டாகிவிட்டது. பழைய நினைப்பில் இரண்டரை வருஷம் கழித்துப் போகிற ஒருவருக்குக் கதவு சாத்தியிருக்கும்.

இன்னொன்று. 20 பேரோ அதற்குமேலோ வேலை பார்க்கும் இடத்தில் குறைதீர்க் குழு அமைக்க வேண்டும்; நிர்வாகமும் தொழிலாளரும் சரிபாதி; பெண்களுக்கு அவர்கள் விகிதத்துக்குக் குறையாமல் இடம். புதுவயல் அரிசி ஆலைகள், காரைக்குடி ஜவுளிக்கடைகள், ஹோட்டலாக மாறிய செட்டிநாட்டு வீடுகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் பெரிய இடங்கள் இதற்குள் வரும். அந்தக் குழுக்களில் உட்காரப்போகும் தொழிலாளிக்கு யார் சொல்லிக்கொடுப்பது? நிர்வாகத் தரப்பு ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு வரும். நம் ஆள் வெறுங்கையோடு போய் டீ குடித்துவிட்டு வருவார்.

கோட்டையூரில் நண்பர் ஒருவர் தன் வீட்டு முகப்பை விட்டுக்கொடுத்திருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் காலை 8 மணிக்கு, கடை திறக்கும் முன்பாக, சிலர் அங்கே கூடுகிறோம். சட்டப் புத்தகம் எதையும் நான் எடுப்பதில்லை. அவரவர் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். ஒரு ஜவுளிக்கடைப் பெண் படித்தார்: சம்பளம் 10,000, இ.எஸ்.ஐ. பிடித்தம் 400. இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. இவரிடம் பிடிக்க வேண்டியது 75 ரூபாய். முதலாளி தன் பங்கையும் இந்தப் பெண் தலையில் கட்டியிருக்கிறார். சட்டம் அதை நேரடியாகவே தடுக்கிறது. செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பெண், “மாசம் 325 ரூபாயா ஐயா? எல்லாருக்குமா?” என்றார். அடுத்த வாரம் கூட வேலை பார்க்கிறவர்கள் சீட்டையும் படம் பிடித்து எடுத்து வந்துவிட்டார். கடையில் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டதையும் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேள்விப்பட்டாராம்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடி கல் செய்கிற பட்டறைகளில் நிலைமை வேறு. ஒரு பட்டறைக்கு ஐந்தாறு பேர். சங்கமும் கிடையாது, குழுவும் கிடையாது. கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றிச் சிமெண்ட் கலவையை வெறுங்கையால் தள்ளித் தள்ளி விரல் நுனி வழுவழுவென்று ஆகிவிடுகிறது. ரேஷன் கடைக் கருவியில் கட்டைவிரலை வைத்தால் ஏற்பதில்லை. இவர்களுக்குக் கையுறையும் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியப் பதிவும்தான் முதல் பாடம். ஜவுளிக்கடைக்குச் சொல்வதையே இவர்களுக்கும் சொன்னால் கொட்டாவிதான் வரும்.

பணம் எங்கே என்று சங்கத் தலைவர்கள் கேட்கலாம். சங்கத்தின் பொது நிதியை உறுப்பினர் கல்விக்குச் செலவிடலாம் என்று 1926-ம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 15-வது பிரிவே சொல்லியிருந்தது. பேனருக்கும் பட்டாசுக்கும் போவதில் ஒரு பங்கு போதும். 1918-ல் சென்னையில் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சங்கம் தொடங்கிய நாளிலிருந்து தமிழ்நாட்டில் சங்கங்களுக்குப் பேச்சாளர் பஞ்சம் வந்ததே இல்லை. நம் சிராவயலில் ஆசிரமம் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன பொதுவுடைமைத் தலைவர் ஜீவாதான் பின்னாளில் தொழிலாளர் மேடைகளில் முழங்கினார். முழக்கத்தை எடுத்துக்கொண்டோம், பாடம் நடத்தியதை விட்டுவிட்டோம்.

விடுப்பு அடுத்த தடை. பிரிட்டனில் தொழிலாளர் பிரதிநிதி பயிற்சிக்குப் போகச் சம்பளத்தோடு நேரம் தர வேண்டும் என்று 1975-லேயே சட்டம் வந்தது. சம்பளத்துடன் கல்வி விடுப்புக்கு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1974-ல் ஓர் உடன்படிக்கையே கொண்டுவந்தது; இந்தியா அதை ஏற்கவில்லை. இங்கே சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில், நிர்வாகிகளுக்கு ஆண்டில் சில நாள் பயிற்சி விடுப்பு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பெறலாம். பேச்சுவார்த்தையில் கடைசியாக விட்டுக்கொடுக்கிற கோரிக்கையாக மட்டும் அதை வைக்காதீர்கள்.

கல்வி வாரியத்துக்கும் ஒரு வேண்டுகோள். அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் இது, வகுப்பறைக்குப் பஞ்சமில்லை. நான்கு தொகுப்புகளையும் எளிய தமிழில் அச்சிட்டுக் கொண்டுவந்து, தொடர்ந்து சில நாள் காரைக்குடியிலேயே வகுப்பு நடத்துங்கள். இங்கிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ போய்ப் படித்துவர ஆண்களே தயங்குகிறார்கள். கடைப் பெண்களை வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

நாள் குறிக்கும்போது ஞாயிறு வேண்டாம், ஜவுளிக்கடையில் அன்றுதான் கூட்டம். தீபாவளி வியாபாரம் முடிந்த பிறகு, கார்த்திகையில் வைத்தால் கடைக்காரர்கள் ஆள் விடுவார்கள். மழைக்கு ஆத்தங்குடியில் கல் காயாது, அதனால் பட்டறைக்காரர்களும் வருவார்கள். அரிசி ஆலைகளிலும் தை அறுவடைக்கு முன் நெருக்கடி குறைவு. முகப்பு தயாராக இருக்கிறது. மின்விசிறி மட்டும் இன்னும் ஒன்று வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.