கரை வேட்டியும் டி-சர்ட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

துணை முதலமைச்சர் உதயநிதி ஸ்டாலின் உதயசூரியன் சின்னம் பொறித்த டி-சர்ட்டுடன் அரசு நிகழ்ச்சிகளுக்கு வருவதை எதிர்த்து 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டபோது, டி-சர்ட் கண்ணியமான உடையா என்ற விவாதமே ஓங்கி ஒலித்தது. எனக்கு உறுத்துவது அதிலிருந்த சின்னம்தான். ஆட்சிக்கு ஆட்சி, கறுப்பு சிவப்புக் கரையோ, இடையே வெள்ளை சேர்ந்த கரையோ கொண்ட வேட்டியுடன் அமைச்சர்கள் அரசு விழா மேடைகளில் அமர்வதை நாம் பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை (சட்டைப் பைக்குள்ளிருந்து தலைவியின் படம் தெரிந்த காலமும் உண்டு). ஆனால் நலத்திட்ட உதவியைக் கைநீட்டி வாங்கும் முதியவர், அது வரிப்பணத்தில் வந்ததா, கட்சி கொடுத்ததா என்பதை அந்தக் கரையைப் பார்த்தே முடிவுசெய்துவிடக்கூடும். அரசு மேடைகளில் கட்சி அடையாளமற்ற உடையை எல்லாக் கட்சியினரும் அணியட்டும். அது டி-சர்ட்டாக இருந்தாலும் ஆட்சேபமில்லை.

இப்படிக்கு,
வாசகர், மதுரை