ஒரே கணினி, ஐந்து பேர்: டெஸ்க்டாப் செயலி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

டெஸ்க்டாப் செயலிகளை வடிவமைத்து எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். சிறு ஊர்களில் பலர் மாறி மாறி உட்காரும் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் அலுவலகம், கிளினிக் வரவேற்பு மேசை, கல்லூரி லேப், இ-சேவை மையம் என்று வேலை போகும். உங்கள் செயலிகளின் லாக்-அவுட் பொத்தான் அங்கே என்ன செய்கிறது, என்ன செய்யாமல் விடுகிறது என்பதை நாள்தோறும் பார்க்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இந்த இடங்களில் விண்டோஸில் பெரும்பாலும் ஒரே ஒரு கணக்குதான் இருக்கும். கடையின் பெயரோ, வெறுமனே ‘பிசி’ என்றோ அதற்குப் பெயர். பாஸ்வேர்ட் இருக்காது, இருந்தால் மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கும். காலையில் கடை திறப்பவர் போட்டால் இரவு மூடும்வரை அதே கணக்கு. ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதிரே வரிசையில் ஆள் நிற்கும்போது யாரும் கணக்கு மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். பிரின்டர் ஒரு கணக்கில் வேலை செய்யும், இன்னொன்றில் மக்கர் பண்ணும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

உங்கள் செயலிகளோ விண்டோஸ் கணக்கு ஒன்றென்றால் உட்காருபவரும் ஒருவர்தான் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. நான் சொல்லப்போகும் குறைகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஓர் அனுமானத்திலிருந்து கிளைப்பவை.

ஜன்னல் மூலையிலுள்ள ‘இன்டு’ குறியை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மனிதர் அதை அழுத்தினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார். சாட் செயலிகள், மெயில் செயலிகள், கோப்புகளைச் சேமிக்கும் கிளவுட் செயலிகள் பலவும் அப்போது முடிவதில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்ன ஐகானாக ஒதுங்கி ஓடிக்கொண்டே இருக்கின்றன. மறுநாள் கணினியைப் போட்டதும் தாமாகவே எழுந்துகொள்கின்றன.

ஒரு ஜெராக்ஸ் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். செல்போனிலிருந்த ஆதார் கோப்பைப் பிரின்ட் எடுக்க வந்த ஒரு பெண், அந்தக் கணினியில் சாட் செயலியைத் திறந்து, கியூஆர் குறியை ஸ்கேன் செய்து கோப்பை இறக்கியிருக்கிறார். தாளை வாங்கிக்கொண்டு ‘இன்டு’ அழுத்திவிட்டுப் போய்விட்டார். நான் வேறு வேலையாக அங்கே போனபோது அவருக்கு வரும் செய்திகள் திரையோரத்தில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அனுப்பியவரின் பெயர், முதல் இரண்டு வரி, எல்லாம் தெரிகிறது. கடைக்காரர் நல்ல மனிதர். எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் ஸ்பீக்கரை மட்டும் அணைத்து வைத்திருந்தார். எல்லாக் கடைகளிலும் அப்படிப்பட்டவர் உட்கார்ந்திருப்பார் என்று நம்பி ஒரு பெண் தன் அந்தரங்கத்தை விட்டுச்செல்ல முடியாது.

“செல்போனில் போய் இணைத்த சாதனங்களின் பட்டியலைப் பார்த்து நீக்கலாமே” என்பீர்கள். உண்மைதான், வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. செல்போன் 14 நாள் பயன்பாட்டில் இல்லாவிட்டால் வாட்ஸ்அப் இணைத்த சாதனங்களைத் தானே கழற்றியும் விடுகிறது. ஆனால் தினமும் செல்போனைப் பயன்படுத்துபவருக்கு அந்த 14 நாள் ஒருபோதும் தொடங்குவதே இல்லை. கணினியை மூடினால் முடிந்தது என்று நம்பியவர் பட்டியலைப் போய்ப் பார்க்கவும் மாட்டார். உள்ளே வருவதற்கான கியூஆர் குறியை முதல் திரையிலேயே பெரிதாகப் போடுகிறீர்கள். வெளியேறும் வழியை மட்டும் செட்டிங்ஸ், அக்கவுன்ட் என்று இரண்டு மூன்று படி இறங்கி, கடைசி வரியில் தேடவேண்டியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 6(4)-ஆம் பிரிவில், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது அதைக் கொடுத்த அளவுக்கு எளிதாக இருக்கவேண்டும் என்கிறது. அது சம்மதம் பற்றிய பிரிவுதான். ஆனாலும் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் அதே நியாயத்தை வைத்துக்கொள்ள உங்களுக்கு என்ன தடை?

சரி, தேடிக் கண்டுபிடித்து ஒருவர் லாக்-அவுட்டை அழுத்திவிட்டார். அப்புறமாவது எல்லாம் முடிகிறதா?

ஒருவர் லாக்-இன் ஆனதும் சர்வர் அவருக்கு ஒரு டோக்கன், அதாவது டிஜிட்டல் அனுமதிச் சீட்டு, கொடுக்கிறது. அதன்பின் பாஸ்வேர்டோ ஓ.டி.பி.யோ யாரும் கேட்பதில்லை; டோக்கனைக் காட்டினால் போதும். பல செயலிகளில் லாக்-அவுட் என்பது இந்தக் கணினியிலுள்ள டோக்கன் நகலை அழிப்பதோடு நின்றுவிடுகிறது. சர்வரில் அது செல்லுபடியாகவே இருக்கும். முன்பே யாராவது அதைப் பிரதி எடுத்திருந்தால் அவர் உள்ளேதான் இருக்கிறார். டோக்கனைச் செல்லாததாக்கும்படி சர்வரிடம் சொல்வதற்கு டோக்கன் கொடுக்கும் முறையை வரையறுக்கும் ஓஆத் நெறியில் 2013 ஆகஸ்டிலேயே வழி வந்துவிட்டது, ஆர்.எஃப்.சி. 7009 என்ற இணையத் தரநிலை ஆவணம் அதுதான். ஒரே ஒரு கோரிக்கை அனுப்பினால் போதும். தன்னுள்ளேயே கையொப்பத்தைச் சுமந்துவரும் ஜே.டபிள்யூ.டி. வகை டோக்கன் என்றால் சிக்கல் சற்றுக் கூடுதல். அதைச் சர்வர் யாரிடமும் கேட்காமல் கையொப்பத்தை மட்டும் சரிபார்த்து ஏற்றுக்கொள்ள முடியும் என்பதால், தனியாகத் தடைப்பட்டியல் வைக்காவிட்டால் காலாவதியாகும்வரை அது உயிரோடு இருக்கும். அப்படியானால் அதன் ஆயுளை நிமிடக் கணக்கில் வையுங்கள். காலாவதியானதும் புது டோக்கன் வாங்கித்தரும் ‘புதுப்பிக்கும்’ டோக்கனையாவது லாக்-அவுட்டின்போது சர்வரில் ரத்து செய்யுங்கள். நெட் இல்லாத நேரத்தில் அழுத்தினாரா? கணினியில் உடனே அழித்துவிட்டு, ரத்துக் கோரிக்கையை நினைவில் வைத்து இணைப்பு வந்ததும் அனுப்புங்கள். அதுவரை “சர்வரில் இன்னும் முடியவில்லை” என்று திரையில் தெரியட்டும். எங்கள் ஊர்களில் நெட் போவது அபூர்வமான காரியமில்லை.

உயிரோடிருக்கும் செஷன், அதாவது இன்னும் முடியாத லாக்-இன், என்ன விலை போகிறது என்பதை 2021-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் விளையாட்டு நிறுவனத்தில் நடந்த திருட்டு காட்டியது. அந்நிறுவனத்தின் ஊழியர்கள் பேசிக்கொள்ளும் ஸ்லாக் செயலிக்குள் நுழைய, திருடப்பட்ட குக்கீ (பிரவுசரில் தங்கும் லாக்-இன் சீட்டு) ஒன்றை 10 டாலருக்கு வாங்கியதாகத் திருடியவர்களே செய்தியாளர்களிடம் சொன்னார்கள். 780 ஜிகாபைட் தரவு போயிற்று. 2022 டிசம்பரில் மென்பொருள் எழுதுவோருக்குச் சேவை தரும் சர்க்கிள்சிஐ நிறுவனப் பொறியாளர் ஒருவரின் மடிக்கணினியிலிருந்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பு முடிந்து கிடைத்த செஷன் குக்கீயே களவு போனது. பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் வாசலில் கேட்கப்படுபவை. வாசல் தாண்டிய பின் கையில் இருக்கும் சீட்டைத் திருடுபவரிடம் அவற்றை யாரும் கேட்பதில்லை.

அடுத்து வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க். டெஸ்க்டாப் செயலி எழுத உதவும் எலக்ட்ரான் என்ற கருவியில் எழுதும் செயலிகள் டோக்கன்களைப் பூட்டிவைக்க ‘சேஃப் ஸ்டோரேஜ்’ என்ற வசதி உண்டு. விண்டோஸில் அது டிபிஏபிஐ என்ற பூட்டும் அமைப்பை நம்பியிருக்கிறது. அதன் திறவுகோல் விண்டோஸ் கணக்கோடு கட்டப்பட்டது. அதே கணினியின் பிற பயனர்களிடமிருந்து அது காக்கும், அதே கணக்கில் ஓடும் பிற செயலிகளிடமிருந்து காக்காது என்று எலக்ட்ரானின் ஆவணமே எழுதிவைத்திருக்கிறது. முழுக் கடைக்கும் ஒரே கணக்கு என்றால் இந்தப் பூட்டுக்கு அங்கே பொருளே இல்லை. லினக்ஸில் சாவிகளை வைக்கும் சேவை எதுவும் கிடைக்காவிட்டால் நிரலிலேயே எழுதிய ஒரு பாஸ்வேர்டால் பூட்டுகிறது. அதுவும் ஆவணத்தில் இருப்பதுதான். மைக்ரோசாஃப்ட் டீம்ஸின் டெஸ்க்டாப் செயலி டோக்கன்களைப் பூட்டாமலேயே வைத்திருந்ததை 2022 செப்டம்பரில் வெக்ட்ரா என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தாக்குபவர் முதலில் உள்ளே வரவேண்டுமே, எனவே உடனடியாகச் சரிசெய்யும் அளவுக்கு இது இல்லை என்பது மைக்ரோசாஃப்டின் பதில். எங்கள் கணினிகளில் அடுத்தவர் உள்ளே வரவேண்டியதே இல்லை. நாற்காலி காலியானதும் உட்காருகிறார், அவ்வளவுதான். டெலிகிராமின் டெஸ்க்டாப் பதிப்பில் ‘டிடேட்டா’ என்ற ஒரு ஃபோல்டரைப் பென் டிரைவில் பிரதி எடுத்துப்போனாலே இன்னொரு கணினியில் அதே ஆளாக உட்கார்ந்துவிடலாம். அதைத் தடுக்கும் பாஸ்கோடு வசதி செயலியிலேயே இருக்கிறது. ஆனால் பயனர் தேடிப்போய்ப் போட்டால்தான் உண்டு.

டோக்கன் போனாலும் மிச்சம் நிறைய. இறக்கிய கோப்புகள், படங்களின் சிறு நகல்கள், தேடல் அட்டவணை, அனுப்பாத வரைவுகள், விண்டோஸ் அறிவிப்புப் பலகத்தில் தேங்கிய செய்தி வரிகள். அடுத்தவர் லாக்-இன் திரைக்கு வந்தால் முன்பிருந்தவரின் மின்னஞ்சல் முகவரி அங்கே தயாராக நிற்கிறது. கிளினிக்கில் இப்படி மிஞ்சுபவை நோயாளிகளின் ரிப்போர்ட்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்று, பிரவுசர். செயலிக்குள்ளேயே சின்ன ஜன்னல் திறந்து பாஸ்வேர்ட் கேட்காதீர்கள், பயனரின் வழக்கமான பிரவுசரில் லாக்-இன் செய்யவையுங்கள் என்று 2017 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 8252 சொல்கிறது. செயலி பாஸ்வேர்டைப் பார்க்க முடியாதபடி செய்யும் நல்ல அறிவுரை அது. நான் முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் அதன் விளைவை யாரும் யோசிப்பதில்லை. செயலியில் லாக்-அவுட் செய்தாலும் பிரவுசரில் அவருடைய செஷன் அப்படியே இருக்கிறது. அடுத்து உட்காருபவர் லாக்-இன் பொத்தானைத் தொட்டால் பிரவுசர் ஒரு கணம் மின்னி மறைகிறது. பாஸ்வேர்ட் கேட்காமலேயே பழைய ஆளின் கணக்கு திறந்துகொள்கிறது. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இப்படி ஒரு ஊழியர் மற்றவரின் கணக்கிலிருந்து கட்சிக்காரருக்குக் கடிதம் அனுப்பிவிட்டார். யார் அனுப்பியது என்று அங்கே நடந்த வாக்குவாதத்தில், செயலியைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இதற்கும் வழி இருக்கிறது. இப்படிப்பட்ட லாக்-இன்னுக்கான ஓப்பன்ஐடி கனெக்ட் நெறியில், ஆளைச் சரிபார்க்கும் அடையாளச் சேவையிடம் செயலியே லாக்-அவுட்டைக் கேட்கும் முறை 2022 செப்டம்பரில் இறுதி வடிவம் பெற்றது. அது இயலாவிட்டால், அடுத்த லாக்-இன் கோரிக்கையில் ‘புரொம்ப்ட்’ மதிப்பை ‘லாகின்’ என்று வைத்து மறுபடி பாஸ்வேர்ட் கேட்கச் செய்யலாம்.

விண்டோஸையே மூடும்போது நடப்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூடலாமா என்று அது ஒவ்வொரு செயலியையும் கேட்கும். சுமார் 5 வினாடிக்குள் பதில் வராவிட்டால் தடுக்கும் செயலியின் பெயரைத் திரையில் போட்டு நிற்கும். ஏன் தடுக்கிறோம் என்று ஒரு வரி எழுத விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே வசதி உண்டு, அதைப் பயன்படுத்துவோர் குறைவு. காரணம் தெரியாததால் மக்கள் ‘எப்படியும் மூடு’ என்பதை அழுத்துகிறார்கள், இல்லையென்றால் பவர் பொத்தானை அமுக்கிப் பிடிக்கிறார்கள். சேமிக்காத பில் இருக்கிறது என்று தமிழில் ஒரு வரி இருந்தால் நிற்பார்கள்.

வேலையை நாம் ஒழுங்காகச் செய்யாவிட்டால் அரசு கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வரும். 2025 நவம்பர் 28 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப், டெலிகிராம், அரட்டை முதலிய செயலிகளுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. அவற்றின் வெப் பதிப்புகள் 6 மணி நேரத்துக்கு மிகாமல் லாக்-அவுட் ஆகவேண்டும், மறுபடி கியூஆர் மூலம் இணைக்கவேண்டும் என்றது. மோசடியைத் தடுக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து நாள் முழுதும் வேலை செய்பவருக்கு 6 மணி நேரம் தொந்தரவு, ஜெராக்ஸ் கடையில் விட்டுப்போனவருக்கோ அது மிகமிக நீளம். கணினி யாருடையது என்பது கடிகாரத்துக்குத் தெரியாது. பயனரைக் கேட்டால் தெரிந்துவிடும்.

இந்தக் கேள்வி முன்பு கேட்கப்பட்டதுதான். மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் 2007, 2010 காலத்து அவுட்லுக் வெப் மெயிலில் லாக்-இன் திரையிலேயே ‘பொதுக் கணினியா, சொந்தக் கணினியா’ என்று இரண்டு தேர்வுகள் இருந்தன. பொது என்றால் 15 நிமிடம் சும்மா இருந்ததும் முடிந்துவிடும். சொந்தம் என்றால் 8 மணி நேரம். அந்த ஒற்றை வரியைத் திரும்பக் கொண்டுவாருங்கள், தமிழிலும் போடுங்கள். ‘இந்தக் கணினியை வேறு யாராவது பயன்படுத்துவார்களா?’ ஆம் என்று சொன்னவருக்கு ‘இன்டு’ அழுத்தினாலே சர்வர்வரை செஷன் முடியட்டும், வட்டில் எதுவும் தங்க வேண்டாம், கணினியைப் போட்டதும் செயலி தானே எழ வேண்டாம், அறிவிப்பில் செய்தி வரி தெரிய வேண்டாம். அனுப்பாத வேலை ஏதாவது இருந்தால் மட்டும் ஒருமுறை நிறுத்திக் கேளுங்கள்.

அடுத்த பதிப்பை வெளியிடும் முன் இதைச் சோதனைப் பட்டியலில் சேருங்கள்: ஒரே விண்டோஸ் கணக்கு, இரண்டு ஆட்கள். முதலாமவர் உள்ளே போய், ஒரு படத்தை இறக்கி, ஒரு வரைவை எழுதிவிட்டு லாக்-அவுட் செய்யட்டும். இரண்டாமவர் அரைமணி நேரம் அந்தக் கணினியைக் குடையட்டும். முதலாமவரின் பெயரோ, முகவரியோ, படமோ, டோக்கனோ கிடைத்தால் பதிப்பை நிறுத்துங்கள். எந்தெந்த ஃபோல்டரில் தேடவேண்டும் என்ற பட்டியல் என்னிடம் இருக்கிறது, கேட்டால் தருகிறேன்.

அன்புடன்,
பொதுக் கணினிகளைப் பராமரிக்கும் ஒருவன்