முள்ளை மேலே வெட்டாதீர்கள், வேரோடு எடுங்கள்: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பூங்காவின் பூப்பாத்தியில் தொட்டாற்சிணுங்கி மண்டிக் கிடப்பது தங்களுக்குத் தெரியும். மூன்று மனுக்கள் தங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. சென்ற செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் என்னை இப்படி வெளிப்படையாக எழுத வைத்தது.

அன்று ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இயந்திரத்தோடு வந்து, அரை மணி நேரத்தில் பாத்தியைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனார்கள். ஆறு வருடமாக நாங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்த இட்லிப்பூவும் நந்தியாவட்டையும் போயின. தொட்டாற்சிணுங்கி போகவில்லை. அதன் ஆணிவேர் மண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. ஒரு மழை பெய்தால் அடிக்கட்டை துளிர்த்துவிடும். முற்றிய காய்கள் பாத்தி முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அந்த விதைக்குத் தோல் கெட்டி, பல வருடம் மண்ணில் கிடந்தும் முளைக்கும். வெட்டியதை அங்கேயே கொளுத்தியும் விட்டார்கள். சூடு பட்டால் அந்தத் தோல் இளகி, விதை இன்னும் சுலபமாக முளைக்கும்.

எரியாமல் மிஞ்சிய தண்டுகளை மறுநாள் அள்ளியவர் எங்கள் தெருவின் தூய்மைப் பணியாளர் அம்மா. கையுறை கிடையாது. சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு அள்ளினார். கொக்கி போல வளைந்த முள் துணியைத் துளைத்து விரலில் ஏறி ஒடிந்தது. எங்கள் திண்ணையில் உட்கார வைத்து என் மனைவி ஊசியால் ஏழு முள்ளை எடுத்தாள். நகக்கண்ணில் ஏறியது மட்டும் வரவில்லை. அடுத்த நாள் விரல் வீங்கி, இடது கையால் பெருக்கிக்கொண்டிருந்தார். "லீவு போட்டா கூலி போயிடுமே சார்" என்றார். ஒரு ஜோடி தோல் கையுறைக்குக் கூடவா நகராட்சியில் பணம் இல்லை?

எல்லா வேலையும் இப்படித்தான் நடக்கிறது. சாக்கடையைத் தூர்வாரி அதே கரையில் கொட்டுகிறார்கள். மழையில் அது மறுபடி உள்ளே போகிறது. சாலையில் ஒட்டுப் போடுகிறார்கள். ஒரு மாதத்தில் பெயர்ந்துவிடுகிறது. அடியில் இருப்பதை யாரும் தொடுவதில்லை. பில் மட்டும் தவறாமல் பாஸாகிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் மண் நெகிழ்ந்ததும், பூ காயாவதற்கு முன், களைக்கொத்தால் ஆணிவேர் வரை தோண்டி எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் சருகையோ தென்னை நார்க்கழிவையோ கனமாக மூடாக்குப் போட்டால் புது முளைகள் மேலே வரத் திணறும். அதையும் மீறி வருவதை ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே பிடுங்கிவிடுகிறோம். தயவுசெய்து களைக்கொல்லி மட்டும் வேண்டாம். ஓரத்தில் தப்பிய செம்பருத்தி மேல் பட்டால் அதுவும் கருகிவிடும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்களைத் தவிர வேறு யாரும் தெளிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2022இல் ஆணையிட்டிருப்பதும் தாங்கள் அறிந்ததே.

வேரெடுக்கும் வேலைக்கு மழை வரும் வரை காத்திருக்கிறோம். அந்த அம்மாவுக்குக் கையுறை இந்த வாரமே வேண்டும்.

இப்படிக்கு,
பூங்காவை ஒட்டிய தெருவில் குடியிருப்பவன்