காரமடைக் கன்று

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்து நீ தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் சந்தோஷம். ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, சுற்றுச்சுவர் கட்டும்போது கிணற்றடிக் கறிவேப்பிலை மரத்தை எடுத்துவிட்டார்கள் என்று, அதைப் படித்ததும் கடிதத்தை வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். அந்த மரத்தின் பிள்ளை இங்கேதான் இருக்கிறது. ஆறு மாதமாக அதைப் பற்றி நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அது பிழைக்குமா என்றே எனக்குத் தெரியவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன் நீ ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்த கன்று. காரமடைச் செங்காம்பு ரகம், வாசனை தெருவுக்கே வரும் என்று சொல்லிக் கொடுத்தாய். பத்து லிட்டர் பெயின்ட் வாளியில்தான் வைத்தேன். இடுப்புயரம் வளர்ந்து தினமும் ரசத்துக்கு இரண்டு இணுக்கு தந்துகொண்டிருந்தது. போன வருஷம் மகள் பிரசவத்துக்குப் புனே போனபோது, கீழ்வீட்டுப் பெண்ணிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனேன். மூன்று மாதம் என்று போனது பத்து மாதமாகிவிட்டது. பேத்தி இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அங்கே காய்க்காரரிடம் கடிபத்தா என்று கேட்டு வாங்கும்போதெல்லாம் நம் செடி ஞாபகம்தான்.

பொங்கல் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் வெறும் குச்சி. உச்சியில் ஏழெட்டு இலை, அதுவும் மஞ்சள். வாளி விளிம்பில் வெள்ளை வெள்ளையாக உப்பு. அந்தப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நாள்கூடத் தவறாமல் ஊற்றினேன் அக்கா, வாடுகிறதே என்று உரமும் வாங்கிப் போட்டேன் என்றாள். அவள் சொன்னது உண்மை. அவள் ஊற்றிய தண்ணீர் வேருக்குப் போகவில்லை, அவ்வளவுதான். நானே ஒரு செம்பு ஊற்றிப் பார்த்தேன். எண்ணி இருபது எண்ணுவதற்குள் அடியில் வந்துவிட்டது. மண் காய்ந்து இறுகிச் சுருங்கி, வாளிச் சுவருக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. தண்ணீர் அந்த வழியாக இறங்கி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மண்ணுருண்டையின் நடுவில் ஈரமே இல்லை.

குச்சியை நகத்தால் சுரண்டினேன். மேலே பழுப்பு. ஒரு சாண் கீழே வந்தேன், அங்கேயும் பழுப்பு. முழங்கால் உயரத்தில் சுரண்டியபோது தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தது. நெல்மணி அளவு பச்சைதான், ஆனாலும் அன்றைக்கு அது போதும்.

உடனே கத்தியை எடுக்கவில்லை. தைப் பனியில் கறிவேப்பிலை தூங்கும், அப்போது வெட்டினால் எழுந்திருக்கத் தெம்பு இருக்காது. மாசி பிறந்து வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தேன். அதுவரை செய்தது ஒன்றுதான். வாளியோடு தூக்கிப் பெரிய அண்டாத் தண்ணீரில் உட்கார வைத்தேன். முக்கால் மணி நேரம் குமிழி வந்துகொண்டே இருந்தது கோமதி. எத்தனை மாதத் தாகமோ.

சிவராத்திரிக்கு மறுநாள் வாளியைக் கவிழ்த்துத் தட்டி எடுத்தேன். மண் என்று சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் வேர். வாளியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றிக் கயிறு திரித்த மாதிரி இருந்தது. அடித்துளைகளை வேரே அடைத்திருந்தது. ரொட்டி வெட்டும் பல்லுக் கத்தியால் அடியில் மூன்று விரல் கனம் அறுத்தேன், பக்கவாட்டில் நாலு இடத்தில் கீறிவிட்டேன், கருத்து நைந்த வேர்களைக் கிள்ளி எடுத்தேன். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். கீழே குறைத்தால் மேலேயும் குறைக்க வேண்டுமே. பச்சை தெரிந்த இடத்துக்குச் சற்று மேலே, முழங்கால் உயரத்தில், மொத்தமாகக் கவாத்து செய்துவிட்டேன். அந்த மஞ்சள் இலைகளும் போயின. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பெரிய டிரம்மில் வை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கொஞ்சம் வேர் மட்டும் உள்ள செடியைச் சுற்றி அத்தனை மண் ஈரமாகவே கிடந்தால் வேர் அழுகும். இருபது லிட்டர் வாளிதான் எடுத்தேன். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணி எரு ஒன்று, ஆற்றுமணல் ஒன்று, கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. வாளியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தேன், துளை தரையில் ஒட்டாமல் இருக்க. தண்ணீர்த்தொட்டி நிழலில் இரண்டு வாரம். வேறு உரம் எதுவும் கிடையாது. வேர் பிடிக்காத செடிக்கு உரம் போடுவது காய்ச்சல்காரருக்கு விருந்து வைப்பது மாதிரி.

இருபத்து மூன்றாம் நாள் தண்டில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. மறுநாள் மூன்று. சித்திரை பிறந்தபோது ஆறு கிளை, காம்பெல்லாம் அதே சிவப்பு. இலை கொஞ்சம் வெளுத்தே வந்தது. எங்கள் போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அப்புறம் அம்மா செய்த மாதிரி, நன்றாகப் புளித்த மோரில் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஊற்றுகிறேன். கோடை மழை பெய்த அன்று இரண்டு வாளி பிடித்து வைத்து அதையும் ஊற்றினேன். இப்போது நல்ல கரும்பச்சை.

நடுவில் ஒரு நாள் துளிரில் பறவை எச்சம் மாதிரி நாலைந்து. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம் என்பது அதற்கு நன்றாகத் தெரிகிறது. தொட்டால் தலையிலிருந்து கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும், பார்த்திருப்பாய். கொல்ல மனம் வரவில்லை. கீழ்வீட்டு நார்த்தைச் செடியில் கொண்டுபோய் விட்டேன், அந்தப் பெண்ணைக் கேட்டுத்தான். அவள் இப்போது தினமும் காலையில் என்னோடு மாடிக்கு வருகிறாள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுகிறாள். சமையலுக்குப் பறிக்கும்போது இலையை உருவாமல் நுனியோடு கிள்ளச் சொல்லிக் கொடுத்தேன், அப்போதுதானே பக்கத்தில் கிளைக்கும்.

வைகாசிக் கடைசியில், வேரை வெட்டிய பக்கமாக மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு பக்கக் கன்று வந்திருக்கிறது. இன்றைக்கு விரல் நீளம், எட்டு இலை. உன் கடிதம் படித்துவிட்டு மேலே ஓடிப்போய் நான் பார்த்துக்கொண்டு நின்றது அதைத்தான். இப்போது பிரித்தால் தாங்காது, தனி வேர் விடட்டும். ஐப்பசி மழை தொடங்கும்போது நீலகிரி எக்ஸ்பிரஸில் கொண்டு வருகிறேன், காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கிவிடுவேன். அதற்குள் கிணற்றடியில், சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி, தண்ணீர் தேங்காத இடமாக ஒன்று பார்த்து வை. சுவர்காரர்கள் கொட்டிப் போன சிமென்ட்டையும் ஜல்லியையும் வாரச் சொல்லிவிடு. அண்ணனைக் குழி தோண்ட விடாதே, ஆள் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் வசந்தா