மின்சந்தா: பணம் கட்டும் முன்பே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களை இணையத்தில் படிக்கக் கட்டணச் சந்தா செலுத்துவோரிடம் இரண்டு குறைகள் ஓயாமல் கேட்கின்றன. கணினியில் திறக்கும் சந்தா கைபேசியில் திறப்பதில்லை. செயலியை நீக்கிய பிறகும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போகிறது. எந்த அடையாளத்தில் கணக்குத் தொடங்குகிறோம், எந்த வழியாகப் பணம் கட்டுகிறோம் என்பதைச் சந்தா விற்கும் பக்கம் வாசகருக்கு விளக்காததே இரண்டுக்கும் காரணம்.

முதலில் கணக்கு. கணினியில் ஜிமெயில் முகவரியைக் கொடுத்துச் சந்தா கட்டியவர், கைபேசியில் தன் எண்ணுக்கு ஓடிபி வரவழைத்து நுழைகிறார். பல தளங்களில் அது புதிய கணக்காகவே பதிவாகும். சந்தா பழைய கணக்கில் கிடக்க, திரையில் 'சந்தா செலுத்துங்கள்' என்று வரும். பதறி இரண்டாம் முறை பணம் கட்டிவிடுவோரும் உண்டு. ஐபோனில் இது இன்னும் சிக்கல். 'ஆப்பிள் மூலம் நுழைக' என்பதில் மின்னஞ்சலை மறைக்கும் வசதியைத் தேர்ந்தால், ஆப்பிள் உருவாக்கிய ஏதோவொரு முகவரிதான் நாளிதழுக்குப் போய்ச்சேரும். பிறகு மடிக்கணினியில் சொந்த முகவரியைத் தட்டினால் சந்தா எப்படித் தென்படும்?

ஆகவே பணம் கட்டும் முன்பே கணக்கில் நுழைந்து, சுயவிவரப் பக்கத்தில் மின்னஞ்சல், கைபேசி எண் இரண்டையும் சேர்த்துவிட வேண்டும். ஏற்கெனவே கட்டியவர்கள், ரசீது எந்த முகவரிக்கு வந்ததோ அதைக் கொண்டே நுழைய வேண்டும். செயலிக்குள் வாங்கியிருந்தால், வாங்கியபோது இருந்த அதே ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கு புதிய கருவியிலும் இருக்க வேண்டும். அதன்பின் 'ரீஸ்டோர் பர்ச்சேஸ்' என்ற பொத்தானை அழுத்தினால் சந்தா திரும்பும். ஃபேஸ்புக்கில் வரும் செய்தி இணைப்பைத் தொட்டால் அந்தச் செயலிக்குள்ளேயே தனி உலாவி திறக்கிறது. குரோமில் நாம் நுழைந்திருப்பது அதற்குத் தெரியாது. மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, வெளி உலாவியில் திறந்தால் போதும்.

அடுத்து பணம். செயலியை நீக்குவதால் சந்தா நிற்காது. ஆப்பிள் வழியாக வாங்கியதை நாளிதழ் அலுவலகம் நினைத்தாலும் ரத்து செய்ய முடியாது. ஐபோனில் செட்டிங்ஸ், மேலே உள்ள நம் பெயர், சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்று போய் வாசகரேதான் நிறுத்த வேண்டும். இலவசச் சோதனைக் காலமானால், அது முடிய 24 மணி நேரம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரின் சுயவிவரப் படத்தைத் தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதிக்குப் போக வேண்டும். செயலிக்குள் கட்டும் சந்தாவில் ஆப்பிள் முதல் ஆண்டு 30 விழுக்காடு வரை தரகு எடுக்கும். நாளிதழின் இணையதளத்திலேயே கட்டுவது வாசகருக்கும் நல்லது, பத்திரிகைக்கும் நல்லது.

ஒருமுறை ஒப்புதல் தந்தால் குறித்த நாளில் தானாகவே பணம் எடுக்கும் யுபிஐ ஆட்டோபே மூலம் கட்டுவோர் ஒப்புதல் திரையை நிதானமாகப் படிக்க வேண்டும். அங்கே இன்றைய கட்டணத்தோடு 'அதிகபட்சத் தொகை' என்றும் ஒன்று இருக்கும். முதல் ஆண்டுச் சலுகை விலையை மட்டும் பார்த்து, யுபிஐ ரகசிய எண்ணை (பின் எண்) அழுத்திவிடுகிறோம். அடுத்த ஆண்டு முழு விலை அந்த உச்சவரம்புக்குள் இருந்தால், மறுபடி பின் எண் கேட்காமலே பணம் எடுக்கப்படும். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானியங்கியாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்தத் தகவலைக் கண்டதும் அந்த ஒரு தவணையை மட்டுமோ ஒப்புதலை முழுவதுமாகவோ நாமே ரத்து செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. குறுஞ்செய்திக் குவியலில் அது கண்ணில் படாமல் போவதுதான் துயரம். சந்தா முடியும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக நாட்காட்டியில் குறித்துவைப்பதே பாதுகாப்பு.

தமிழ் மின்னிதழ்களில் தனியாக ஒரு குறை உண்டு. அச்சுப் பக்கத்தை அப்படியே படமாக ஏற்றிவிட்டு அதற்குச் சந்தா வாங்குவது. ஆறு அங்குலத் திரையில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, வரிக்கு வரி இழுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பான்கள் படத்தில் உள்ள செய்தியை ஒழுங்காகப் படிக்க மாட்டா. பிடிஎஃப் கோப்பில், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்கள் இருந்தால் ஊர்ப்பெயரைத் தட்டித் தேடினாலும் கிடைக்காது. செய்தியைத் தொட்டதும் யூனிகோடு எழுத்தில் தனியே விரியும் வசதி இல்லாத மின்னிதழுக்குக் காசு கேட்பது நியாயமில்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ரத்து செய்யும் வழியை மறைப்பதையும், இலவசச் சந்தாவுக்கே தானியங்கிப் பணப்பிடித்த ஒப்புதலை வற்புறுத்திக் கேட்பதையும் முறையற்ற உத்திகளாக வரையறுக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் தரலாம். அந்த அளவுக்குப் போகவிடாமல் நாளிதழ்களே சிலவற்றைச் செய்ய வேண்டும்: பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே அடுத்த ஆண்டு விலை, ஒரே நேரத்தில் எத்தனை கருவிகளில் படிக்கலாம், எங்கே போய் நிறுத்துவது ஆகிய மூன்றையும் தமிழில் அச்சிட வேண்டும். ஒரே வாசகரின் இரண்டு கணக்குகளை இணைத்துத் தரும் வசதியும் வேண்டும். தங்கள் நாளிதழ் இதைத் தொடங்கிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர், திருச்சி